ரெஜி படையாச்சி சாதுவான மனிதர் அல்லர்

தொலைபேசி அடித்தால் எனக்கு முதலில் நெஞ்சுதான் அடிக்கும். விடியற்காலை என்றால் ஊரில் யாருக்கோ ஏதோ. பகல் என்றால் பாலர் பள்ளியில் மூத்தவள் வாசுகி விழுந்துவிட்டாள். இது என் சுபாவம், மாற்ற முடியவில்லை. அன்று இளையவளுக்குக் கஞ்சி தீத்திக்கொண்டிருந்தபோது அடித்தது. பேசியவள் கார்மென். "ரெஜி நேற்றுப் பயிற்சி முடிந்து சப்பாத்தைக் கழற்றக் குனிந்தார். நிமிரவில்லை," என்றாள். காலையிலிருந்து பலருக்குச் சொல்லிச் சொல்லி அந்த வசனம் அவள் வாயில் பழகிவிட்டிருந்தது. என் கையில் கரண்டி அப்படியே நின்றது. குழந்தை வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரெஜி படையாச்சி தென்னாபிரிக்காவின் டர்பன் நகரத்துத் தமிழர். இந்த எழுபதுகளின் நடுவில் சிட்னியில் உதைபந்தாட்டம் பார்க்கப் போனவர்கள் மறக்க முடியாத நடுக்கள ஆட்டக்காரர். மெரிலேண்ட்ஸில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். கார்மென் அவருடைய மனைவி, மால்டாக்காரி. இறந்தபோது ரெஜிக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை.

இதை எழுத இரண்டு மாதம் பிந்திவிட்டது. குழந்தைகள் பாதிக் காரணம், பயம் மீதி. இப்போது எழுத வைத்தது கோபம். அவருடைய பழைய கழகம் உள்ளூர்ப் பத்திரிகையில் போட்ட குறிப்பை நீங்களும் பார்த்திருப்பீர்கள். என்றும் சிரித்த முகமாம். ஒருபோதும் முறைப்பாடு சொல்லாதவராம். களத்திலும் வெளியிலும் அமைதியான கனவானாம். நம்முடைய தமிழ்ச் சங்கத்து அஞ்சலிக் கூட்டத்தில் பேசியவர்களும் அதையே தமிழில் சொன்னார்கள். "பாவம், சாதுவான பிள்ளை," என்றார் ஒரு அங்கிள். சங்கத்தின் இந்த மலருக்கு எழுதப் போகிறேன் என்றதும் அவரே என்னிடம் வந்து, "பிள்ளை, செத்த மனிசனைப் பற்றி இனிமையா நாலு வரி எழுதும். பழைய சண்டையெல்லாம் இப்ப என்னத்துக்கு?" என்றார்.

மன்னிக்க வேண்டும், அங்கிள். நான் அறிந்த ரெஜி அண்ணை சாதுவே இல்லை. முறைப்பாடு இல்லாத நாளும் அவருக்கு இல்லை. அவரைச் சாதுவாக்கி அடக்கம் செய்ய நான் விடமாட்டேன்.

எங்கள் இரண்டு வளவுக்கும் நடுவில் ஒரு பலகை வேலி. குடிவந்த முதல் கிழமை, துணி காயப்போட்டபடியே வாசுகியைக் கூப்பிட்டேன். "வா பிள்ளை, அங்கால போகாதே, வா." வேலிக்கு மேலே ஒரு தலை எழும்பியது. முன்பல்லில் ஒரு துண்டு இல்லை.

"வா," என்றது அந்தத் தலை.

ஈரத் துணியை மார்போடு அணைத்துக்கொண்டு பின்வாங்கினேன்.

"நீங்கள் 'வா' என்றீர்கள். அது என் அம்மாவின் 'வா'. நான் ரெஜி, டர்பன். நீங்கள் மெட்ராஸா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"யாழ்ப்பாணம்."

"அது எங்கே இருக்கிறது?"

அந்தக் கேள்வியை என்னிடம் கேட்ட முதல் தமிழர் அவர்தான். எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

நாங்கள் இருவரும் பேசியதெல்லாம் ஆங்கிலம். இங்கே அதைத் தமிழில் தருகிறேன். தமிழ் என்று அவரிடம் இருந்தவை மிகச் சில சொற்கள்: வா, போ, விடு, திரும்பு, பின்னால, சோறு, சாமி, அக்கா. அச்சில் ஏற்ற முடியாத இன்னும் சில. என்னைவிட நன்றாக மூத்தவர் என்னை அக்கா என்று கூப்பிட்டார். டர்பனில் மதிப்பான பெண்ணுக்கு அதுதானாம். நான் அவரை அண்ணை என்றேன். அந்த முறை பிழைத்த உறவு கடைசிவரை அப்படியே நடந்தது.

பொங்கல் விழாவுக்கு அவரை அழைத்துப் போனோம். ஒருவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "படையாச்சி எண்டால் என்ன ஆக்கள்?" என்று கேட்டார். ரெஜி அண்ணை விடாமல் கேட்டதால் அதை அவருக்கு மொழிபெயர்க்க வேண்டி வந்தது. "நான் எந்த வாங்கில் உட்காரலாம் என்று தெரிந்துகொள்ள டர்பனில் வெள்ளைக்காரன் என் தோலைப் பார்ப்பான். உங்கள் அங்கிள் என் பெயரைப் பார்க்கிறார். இங்கே எனக்கு எந்த வாங்கு என்று கேளுங்கள், அக்கா," என்றார், மண்டபம் முழுக்கக் கேட்கும்படி. அடுத்த பொங்கலுக்கு அவருக்கு யாரும் சொல்லவில்லை. இது அஞ்சலிக் கூட்டத்தில் பேசியவர்களுக்கு நினைவிருக்கும்.

அவருடைய ஆட்ட வாழ்க்கையைப் பற்றிப் பலருக்குத் தெரியாது. டர்பனில் தமிழரும் மற்ற இந்தியரும் கறுப்பரும் ஆடிய மணல் திடல்களில் பெயரெடுத்தவர். புல் வளர்ந்த பெரிய திடல் வெள்ளையருக்கு மட்டும். அங்கிருந்து இங்கிலாந்துக்குப் போய் ஒரு சிறு கழகத்தில் குளிரில் ஆடினார். அவுஸ்திரேலியாவுக்கு முதலில் விண்ணப்பித்தபோது நிறத்தைப் பார்த்து மறுத்தார்கள். சட்டம் மாறியபின் மறுபடி எழுதி வந்து சேர்ந்தார். இங்கே தொழில்முறை ஆட்டக்காரர் என்று பெயர், ஆனால் பகலில் தொழிற்சாலை, மாலையில் பயிற்சி, ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். "கதவைத் திறந்துவிட்டோம், நன்றி சொல் என்கிறார்கள். இவ்வளவு நாளும் பூட்டி வைத்திருந்தது யார்?" என்பார். இவரா முறைப்பாடு சொல்லாதவர்?

எனக்கு ஆட்டம் விளங்காது. ஒரு ஞாயிறு கார்மென் இழுத்துக்கொண்டு போனாள். குளிர் காற்றில் வாசுகிக்குச் சளி பிடித்துவிடுமோ என்று அவளுடைய தொப்பியைச் சரிசெய்தபடியே நின்றேன். திடீரென்று கோல் காப்பவனாக நின்ற கிரேக்கன், மலைபோன்ற ஆள், தொண்டை கிழியக் கத்தினான்: "ரெஜி! பின்னால! பின்னால!" ரெஜி அண்ணை பார்க்காமலே ஒரு அடி விலக, பின்னால் பாய்ந்து வந்தவன் வெறும் காற்றை உதைத்து விழுந்தான். ஒரு மால்டாக்காரன் "விடு!" என்றான். இன்னொருவன் "திரும்பு!" என்றான். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். டர்பனில் அவருடைய அணி இப்படித்தான் ஆடுமாம். எதிரணிக்குப் புரியாத மொழியில் ஒருவருக்கொருவர் கண்ணாக இருப்பார்கள். நடுக்களத்தில் நிற்பவனுக்கு நாலு பக்கமும் ஆள். அவனுக்கு முதுகில் கண் வேண்டும். தன் முதுகுக் கண்களுக்கு அவர் தமிழ் சொல்லிக் கொடுத்திருந்தார்.

வேலியோரம் நின்ற சிலர் "இங்கிலீஷில் பேசுங்கடா!" என்று கத்தினார்கள். நான் தலையைக் குனிந்தேன். ரெஜி அண்ணை அவர்கள் பக்கம் திரும்பி, கையை வாயருகே குவித்து, "போ!" என்றார். அவர்களுக்கு விளங்கியது.

அந்த நாட்களில்தான் வாசுகியைக் குழந்தைநல நிலையத்துக்குக் கொண்டுபோனேன். மூன்று வயதை நெருங்கியும் அவள் பேசவில்லை. சுட்டிக் காட்டுவாள், இழுப்பாள், சொல் வராது. தாதி என்னைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள். "வீட்டில் என்ன மொழி?" என்றாள். சொன்னேன். "அதுதான் காரணம். பிள்ளை குழம்பிப் போயிருக்கிறாள். இன்றோடு அதை நிறுத்துங்கள். ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்," என்றாள். நான் "தாங்க்யூ" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

"அவை படிச்ச ஆக்கள், சும்மா சொல்லுவினமே?" என்றார் என் கணவர். "கொஞ்ச நாளைக்குத்தானே. நீர் கொழும்பில பட்டம் எடுத்தனீர். உமக்கு இங்கிலீஷ் கஷ்டமே?"

கஷ்டமில்லை. பரீட்சை எழுதலாம், வங்கியில் பேசலாம். ஆனால் காய்ச்சலில் அனுங்கும் பிள்ளையை மடியில் போட்டு என்ன சொல்வது? என்னிடமிருந்த ஆங்கிலம் வானொலியில் செய்தி வாசிப்பவரின் ஆங்கிலம். "கம், டார்லிங், ஈற் யோர் லஞ்ச்" என்பேன். பிள்ளை, வீட்டுக்கு வந்த வேறு யாரையோ பார்ப்பதுபோல என்னைப் பார்ப்பாள். மெல்ல மெல்லப் பேச்சைக் குறைத்தேன். குசினியில் பானைச் சத்தம் மட்டும் கேட்டது.

ரெஜி அண்ணை வேலியில் தட்டினார். "என்ன, அக்கா? உங்கள் வீட்டில் சத்தம் செத்துப்போய் ஒரு மாதமாகிறது. யாருக்காவது சுகமில்லையா?"

சொன்னேன். ஆறுதல் சொல்வார் என்று நினைத்தேன். மனிதர் வேலியை ஓங்கிக் குத்தினார். பலகை ஒன்று பிளந்தது.

"நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

"தாங்க்யூ எண்டு சொன்னனான்."

"என் அம்மாவும் அதைத்தான் சொன்னாள்." அவருடைய பள்ளி ஆசிரியை ஒருநாள் வீட்டுக்கு வந்து, பிள்ளை முன்னேற வேண்டுமென்றால் தமிழை நிறுத்து என்று சொன்னாளாம். அம்மா சலவைக்காரி. வெள்ளைக்காரரின் வீடுகளில் துணி வெளுத்தவள். "அம்மா கீழ்ப்படிந்தாள். அவளிடம் ஆங்கிலமும் இல்லை. அதனால் என்னோடு பேசுவதையே விட்டுவிட்டாள். ஈற், ஸ்லீப், கோ ஸ்கூல். இவ்வளவுதான், அக்கா, நானும் என் அம்மாவும் பேசியது. பதினெட்டு வயதில் கப்பல் ஏறினேன். அன்றைக்கும் 'கோ' என்றாள்."

அதைக் கேட்ட பிறகும் நான் தமிழுக்குத் திரும்பவில்லை. எனக்குப் பயம். என் தமிழால் பிள்ளை ஊமையாகிவிட்டால்?

இரண்டு கிழமை கழித்து மறுபடி வேலியில் தட்டினார். அவர்மேல் முறைப்பாடு. நடுவரை அந்நிய மொழியில் கெட்ட வார்த்தையால் ஏசினாராம். விசாரணைக்குப் போகவேண்டும். அந்தச் சொற்களுக்குப் பொருள் சொல்லப் படித்த ஆள் ஒருவர் வேண்டும். உண்மையில் அன்று அவர் நடுவரை ஏசத்தான் செய்தார். ஆனால் சுத்தமான ஆங்கிலத்தில். அதைப்பற்றி ஒருவரும் முறையிடவில்லை.

"என்னாலை ஏலாது, அண்ணை. ஆக்களுக்கு முன்னால எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்."

"ஒட்டட்டும். நடுவில் நிற்பவன் யாருக்காவது இடைஞ்சலாக இருக்கவேண்டும், அக்கா. இல்லாவிட்டால் அவன் அங்கே நிற்கத் தேவையில்லை."

போனேன். நகரத்தில் ஒரு மாடி அறை, நீண்ட மேசை, மூன்று ஆண்கள். வாசுகி என் மடியில். சொல் சொல்லாகப் பொருள் சொன்னேன். 'பின்னால' என்றால் பின்புறம். 'விடு' என்றால் பந்தை விடு. 'திரும்பு' என்றால் திரும்பு. தலைவர் தலையாட்டினார். கெட்ட வார்த்தை இல்லை என்று ஒத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "அப்படியானால் இதையே ஆங்கிலத்தில் சொல்வதில் உங்களுக்கு இழப்பு ஒன்றுமில்லையே. இனிமேல் களத்தில் ஆங்கிலம் மட்டும் என்று வாக்குக் கொடுங்கள், வீட்டுக்குப் போகலாம்."

ஓரத்தில் இருந்தவர் என்னைப் பார்த்து அன்பாகச் சிரித்தார். "உங்கள் ஆங்கிலம் எவ்வளவு அழகு! மகளோடும் ஆங்கிலம்தானே பேசுகிறீர்கள்?"

வாசுகியை மடியில் நேராக இருத்தினேன். "ஓம். சொல்லிவிட்டார்கள் என்று பேசுகிறேன்," என்றேன். "அன்றிலிருந்து நான் என் பிள்ளைக்கு மனதிலிருந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. இதில் என்ன இழப்பு என்று கேட்கிறீர்கள். இதுதான்."

 ரெஜி அண்ணை எழுந்தார். "வாக்கு இல்லை," என்றார்.

பருவம் முடியும்வரை தடை போட்டார்கள். கிண்ணத்துக்கான கடைசி ஆட்டங்களில் அவர் இல்லை. அடுத்த வருடம் கழகம் அவரை எடுக்கவில்லை. ஆம், இன்று கனவான் என்று அச்சடித்திருக்கும் அதே கழகம். அதற்குப் பிறகு கீழ்ப்பிரிவுக் கழகமொன்றில்தான் ஆடினார், பயிற்சி கொடுத்தார், அங்கேயே உயிரை விட்டார். "தமிழ் கதைக்கத் தெரியாதவனுக்கு உந்த வீம்பு ஏன்?" என்று நம்மவர்கள் சிரித்தார்கள். நானும் ஒருநாள் அதையே மெல்லக் கேட்டேன்.

"நிறைய இருந்திருந்தால் கொஞ்சம் விட்டுக்கொடுத்திருப்பேன்," என்றார். "என்னிடம் இருப்பதே இவ்வளவுதான், அக்கா."

தடை வந்த கிழமை என்னைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டு டர்பனுக்கு அழைப்புப் பதிந்தார். அம்மாவின் தெருவில் ஒரு கடையில்தான் தொலைபேசி. மணி அடித்ததும் எடுத்து என் கையில் தந்துவிட்டார். "நீங்கள் பேசுங்கள். தமிழில்."

"யாரும்மா அது, தமிழு பேசுறது?" என்றது ஒரு குரல். வட ஆற்காட்டுப் பக்கத்துத் தமிழ், கடல் கடந்து எத்தனையோ காலமாகியும் அப்படியே இருந்தது. நான் யார் என்று சொன்னேன். "உங்கட மகன் நல்ல சுகமா இருக்கிறார், அம்மா." என் தமிழ் அவருக்கு வேடிக்கையாக இருந்தது, சிரித்தார். பிறகு குரல் இறங்கியது. "ஒண்ணு கேட்டுச் சொல்லும்மா. சின்னப் புள்ளையிலேர்ந்து அவன் ஏன் எங்கிட்ட பேசவே மாட்டேங்குறான்? நான் என்ன தப்பு பண்ணேன்?"

திரும்பி அவரிடம் சொன்னேன். அவர் சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். "நானா?" என்றார். "அவள்தான் பேசவில்லை என்று சொல்லுங்கள். அவள்தான் நிறுத்தினாள்."

சொன்னேன்.   "அந்த வாத்தியாரம்மா சொன்னா. நான் கேட்டேன்," என்றார் அந்தத் தாய். "பாவி, நான் கேட்டுட்டேன். போனை அவங்கிட்ட குடும்மா."

கொடுத்தேன். அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. தொலைபேசிக் குழாயிலிருந்து தாயின் குரல் எனக்கும் கேட்டது. தமிழில், நிறுத்தாமல், மூச்சு வாங்காமல், முப்பது வருடத்துப் பேச்சு. அதில் முக்கால்வாசி அவருக்கு விளங்கியிருக்காது. மொழிபெயர்க்கட்டுமா என்று சைகையால் கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தார். தொடர்பு அறுந்த பிறகும் குழாயைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

அடுத்த முறை நிலையத்துக்குப் போனபோது தாதியிடம் சொன்னேன்: "நான் பிள்ளையோடு தமிழில்தான் பேசுகிறேன். இனியும் பேசுவேன்." "அப்படியானால் பின்னால் என்னைக் குறை சொல்ல வராதீர்கள்," என்றாள். "வரமாட்டேன்," என்றேன். வெளியே வந்து குழந்தை வண்டியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நிற்க வேண்டியிருந்தது. "சண்டை பிடிச்சனீரோ?" என்றார் என் கணவர் மாலையில். "ஓம்," என்றேன். அவர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வெகு நாளுக்குப் பிறகு மகளிடம் தமிழில், "என்னடி குட்டி, அம்மா சண்டைக்காரியாமே?" என்றார்.

வாசுகி பேசினாளா என்று கேட்பீர்கள். பேசினாள். உடனே அல்ல, மேலும் எட்டு ஒன்பது மாதம் என்னை வதைத்துவிட்டுத்தான். தமிழால் அவள் தாமதிக்கவுமில்லை, தமிழால் பேசவுமில்லை. அவளுக்குத் தோன்றியபோது இரண்டு மொழியும் சேர்ந்து வந்தன. இப்போது நிறுத்துவதுதான் கஷ்டம்.

நான் தைரியசாலி ஆகிவிட்டேன் என்று யாரும் நினைக்கவேண்டாம். இன்றைக்கும் பிள்ளை இருமினால் தூக்கம் போய்விடும், தொலைபேசி அடித்தால் நெஞ்சு அடிக்கும். ரெஜி அண்ணையிடமிருந்து எனக்கு வந்தது ஒன்றே ஒன்று. மெரிலேண்ட்ஸில் ரயில் ஏறினால் முன்பெல்லாம் பிள்ளையின் காதுக்குள் குனிந்து, உதடு அசையாமல் தமிழ் பேசுவேன். இப்போது வீட்டில் பேசும் அதே குரலில் பேசுகிறேன். ஆட்கள் பத்திரிகையைத் தாழ்த்திப் பார்க்கிறார்கள். ஆங்கிலத்தில் பேசு என்று சிலர் சொல்லவும் சொல்கிறார்கள். நான் பிள்ளைக்குச் சொல்லவந்ததைச் சொல்லி முடிக்கிறேன்.